நான் வெட்டி எடுத்த மூன்று நொடி

ஐயா, எங்கள் சபைப் பாஸ்டரே, ஒரு பெண் உங்கள் வீட்டை நம்பிச் சொன்ன நோயை நீங்கள் மைக்கில் போட்டு உடைத்தீர்கள். அவளுடைய வேலையும் தங்க இடமும் அதோடு போயின. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இருபது வருஷமாக இரும்பு ஆங்கிளையும் தகட்டையும் பற்ற வைத்துப் பிழைக்கிறவன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாஸ்டர் செய்ததில் எனக்கும் சரிபாதி பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபை நாமக்கல்லுக்கு வெளியே, திருச்செங்கோடு போகிற பக்கம், தகரக் கூரை போட்ட கட்டிடம். கொரோனா காலத்தில் ஆராதனையை யூடியூபில் போட ஆரம்பித்தோம். முதலில் என் போனை ஒரு ஸ்டூல் மேல் நிறுத்தி எடுத்தேன். பிறகு சபையே ஒரு கேமரா வாங்கியது. படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, தலைப்புப் படம் செய்து ஏற்றுவது எல்லாம் என் வேலை. வாரம் முழுதும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நெருப்பைப் பார்க்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக் கேமராவுக்குப் பின்னால் நிற்பது பெரிய கௌரவம். ஊழியம் செய்கிறேன் என்று நினைப்பு.

அந்தப் பெண் சபைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரிய பள்ளியின் பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கட்டியவன் விட்டுப் போய்விட்டான். ஹாஸ்டலில் கொடுத்த ஓர் அறைதான் வீடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் காலைச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறி வருவாள். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும் என்பதால் கடைசி வரிசையில், செருப்பு விடுகிற வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நானும் தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

தங்கச்சிக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் வைத்திருந்தாள். நாலு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. சபையில் பாஸ்டரின் மனைவி பாஸ்டரம்மா ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் தனியாக ஜெபம் பண்ணும்போது அழுது சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், உங்கள் மனசுக்குள் வைத்து ஜெபம் பண்ணுங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம். யாராவது தன் கஷ்டத்தைச் சொன்னால் அது ஜெபக்குறிப்பு ஆகிவிடும். ஜெபக்குறிப்பு ஆன பிறகு அது சொன்னவருடையது இல்லை. "ஜெபம் பண்றதுக்காகச் சொல்றேன்" என்று ஆரம்பித்தால் போதும், யார் குடும்பத்துச் சங்கதியையும் கூசாமல் பேசலாம். இன்னார் மகள் வாழாமல் திரும்பி வந்துவிட்டாள், இன்னார் மறுபடியும் குடிக்கிறார், எல்லாம் ஜெபக்குறிப்புதான். டீக்கடையில் பேசினால் அதற்குப் பெயர் புறணி. எங்களிடம் கண்ணை மூடிக்கொண்டு பேசுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். நானும் அப்படிப் பேசியவன்தான். எத்தனை பேரைப் பற்றி என்று எனக்கே நினைவில்லை.

பாஸ்டரம்மா பாஸ்டரிடம் சொன்னார். பாஸ்டர் ஊருக்கே சொன்னார்.

அன்றைக்குக் காற்று பேயாக அடித்தது. கூரைத் தகரம் ஓயாமல் தடதடத்ததால் பாஸ்டர் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துப் பேசினார். பிரசங்கம் முடிந்ததும் திடீரென்று கடைசி வரிசையைக் கை காட்டினார்.

"மகளே, முன்னால வாம்மா. கர்த்தர் இன்னைக்கு உன்னைத் தொடப் போறாரு."

எல்லோருக்கும் பண்ணுகிற ஜெபம் என்று நினைத்துத்தான் தங்கச்சி எழுந்து வந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றாள். பாஸ்டர் அவள் தலையில் ஒரு கையை வைத்தார். இன்னொரு கையில் மைக்.

"இந்த மகளுக்குச் சின்ன வயசுல இருந்து காக்கா வலிப்பு! ஹாஸ்டல்ல வார்டனா இருக்காங்க. யாருக்கும் தெரியாம மறைச்சு மறைச்சு மாத்திரை திங்கறாங்க. இன்னையோட அந்த மாத்திரைக்கு முடிவு! சபையே, கைய நல்லாத் தட்டுங்க!"

சபை தட்டியது. அல்லேலூயா என்று கூரை அதிரக் கத்தியது. தங்கச்சி குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. கர்த்தர் தொட்டுவிட்டார் என்று பக்கத்தில் நின்ற பெண்களும் அழுதார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? லென்ஸைத் திருகி அவள் முகத்துக்குக் கிட்டே போனேன். கண்ணீர் தெளிவாக விழட்டும் என்று.

அப்போது அவள் நிமிர்ந்தாள். பாஸ்டரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கேமராவின் சின்னத் திரையில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. "வேண்டாங்ண்ணா."

நான் நிறுத்தவில்லை.

அப்போது புரியவில்லை என்று எழுதினால் அது பொய். புரிந்தது. மத்தியானம் சோறு தின்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போது அந்த இடம் மறுபடியும் வந்தது. மூன்று நொடி. நிறுத்திப் பார்த்தேன். அற்புதம் நடந்த முகம் மாதிரி இல்லை. தகட்டில் பிசிறு இருந்தால் கிரைண்டரை வைத்து எடுத்துவிடுவோம். அப்படித்தான் அதையும் எடுத்தேன். அழுகையையும் கைதட்டலையும் ஒன்றாக ஒட்டினேன். தலைப்புப் படத்தில் அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே மஞ்சள் எழுத்தில் "ஹாஸ்டல் வார்டனின் வலிப்பு ஓடியது!" என்று எழுதினேன். அதுவும் நான் யோசித்த தலைப்புதான். சாயங்காலம் பாஸ்டர் போன் பண்ணி, "பிரமாதம் பிரதர், கர்த்தர் உங்க கைய ஆசீர்வதிப்பாரு" என்றார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

புதன்கிழமை காலை பட்டறையில் ஒரு லாரியின் கேபினுக்கு அடியில் படுத்திருந்தேன். போன் அடித்தது. தங்கச்சி.

"அண்ணா, ஒரு சரக்கு ஆட்டோ புடிச்சுக் குடுக்கறீங்களா? பெட்டி இருக்குதுங்க, பஸ்ல ஏத்த முடியாது."

"எங்கம்மா போற?"

"தெரியலீங்ண்ணா."

ஹாஸ்டலில் படிக்கிற ஒரு பிள்ளையின் அப்பா அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். பெற்றோர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒரே நாளில் பள்ளி ஆபீசுக்கு எத்தனையோ போன். வலிப்பு வருகிறவள் கையில் எங்கள் பிள்ளைகளை விட்டிருக்கிறீர்களா என்று. ஆபீசில் கூப்பிட்டு, நோயை மறைத்து வேலைக்குச் சேர்ந்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டினாளாம். நாலு வருஷமாக வரவில்லை என்று எழுதிய கடிதம். யாரும் வாங்கிப் படிக்கவில்லை. ஒருவர் மட்டும், "உங்க பாஸ்டர் கொணமாயிடுச்சுங்கறாரே, மாத்திரைய நிறுத்தீட்டியா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். "இல்லீங்க, இன்னும் சாப்பிடறனுங்க" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

ஆட்டோவோடு ஹாஸ்டலின் பின்பக்கக் கேட்டுக்குப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு வாளி. அவ்வளவுதான் அந்த ஹாஸ்டலில் அவளுடைய நாலு வருஷம். பக்கத்தில் ஹாஸ்டல் சமையல்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கையெல்லாம் மஞ்சள் பொடி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் படம் புடிச்ச ஆளுங்களா?"

"ஆமாங்க."

"நல்லாப் புடிச்சிருக்கீங்க. அழுவறது வரைக்கும் துல்லியமாத் தெரியுது. கண்ணாலத்து ஊட்டுல கூட இப்படிப் புடிக்க மாட்டாங்க."

நான் வாளியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

"இந்தப் புள்ள வந்த மாசமே என்ற அடுப்படியில உழுந்துருச்சுங்க," என்றார் அக்கா. "கொதிக்கற அண்டாவ நவுத்தி வெச்சுட்டு, மொதல்ல கதவச் சாத்துனேன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. என்ற சீலை ஒண்ண எடுத்துக் கட்டியுட்டு, மூஞ்சியத் தொடச்சுட்டு, அப்புறந்தான் கதவத் தொறந்தேன். புள்ளைக கேட்டதுக்கு, அக்காளுக்குத் தல சுத்துதுன்னு சொல்லீட்டேன். நாலு வருசமாச்சு. என்ற வாயில இருந்து ஒரு வார்த்த வந்துச்சான்னு அதையே கேளுங்க. உங்களுக்கெல்லாம் நாலு நாள் தாங்கலையா?"

தங்கச்சி, "உடுங்கக்கா" என்றாள். அக்கா விடவில்லை. "ஏன் உடோணும்? சாமி கும்புடப் போற எடத்துல துணிய உருவி உட்டுருக்காங்க, உடுங்கக்காவாம்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குப் போசியில் மதியச் சோறு கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தார். "இதை உண்டுட்டு மாத்திரையப் போட்டுக்க சாமி" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பெட்டியை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வெல்டிங் கரி படிந்த சட்டையோடே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். இரண்டே விஷயம்தான் கேட்டேன். அந்த வீடியோவை எடுக்க வேண்டும். என்னோடு பள்ளிக்கு வந்து, தெரியாமல் பேசிவிட்டேன், அந்தப் பெண் நல்ல ஆரோக்கியத்தோடு வேலை செய்கிறவள் என்று சொல்ல வேண்டும்.

"வீடியோவ எப்படி பிரதர் எடுக்கறது? எத்தன பேர் அதப் பார்த்து விசுவாசத்துல பலப்படறாங்க தெரியுமா? அது தேவ மகிமை."

"வேல போயிருச்சுங்கய்யா."

"ஒரு வாசல் அடைபட்டா கர்த்தர் அதைவிடப் பெரிய வாசலத் தொறப்பாரு."

"எங்கீங்க தொறந்துச்சு? பெட்டி என்ற ஊட்டு வாசல்ல கெடக்குது."

அவர் முகம் மாறியது. "மாத்திரைய உடச் சொன்னா உட மாட்டேங்கறாங்க. விசுவாசக் குறைவு. அதான் இந்தச் சோதனை" என்றார். அவருக்கு முன்னால் மேஜையில் அவருடைய சர்க்கரை மாத்திரை டப்பா இருந்தது. காலை, மதியம், இரவு என்று அறை அறையாகப் பிரித்த டப்பா. அதைக் கையில் எடுத்தேன்.

"அப்ப இது யாருதுங்கய்யா?"

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்தார். பாஸ்டரம்மா கதவோரத்தில் நின்றார். "ஏனுங்கம்மா, உங்ககிட்டத்தான சொன்னா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"நீங்க ரொம்பக் களைப்பா இருக்கீங்க பிரதர். ஊழியத்துல இருந்து கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார் பாஸ்டர். மறுநாள் பார்த்தால் சேனலின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். நானே ஏற்றிய வீடியோவை நானே இறக்க முடியவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. கீழே ஆமென், ஆமென் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கச்சி இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். என் மனைவி அவளோடு பேசினாள். என்னிடம்தான் பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு தங்கச்சிக்கு வேறு ஊரில் துண்டு மடித்துக் கட்டுப் போடுகிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. பிள்ளைகளோடு இருந்தவள், இப்போது துண்டுகளோடு இருக்கிறாள். எந்தச் சபைக்கும் போவதில்லை. ஒரு தடவை போனில், "கர்த்தர் மேல எனக்குக் கோவமில்லீங்ண்ணா. மைக்கப் பார்த்தாத்தான் பயமா இருக்குது" என்றாள். என்னைப் பார்த்தாலும் பயமா என்று கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான், இருபது வருஷமாகக் கையில் வைத்திருந்த வேதத்தை யார் பிரசங்கமும் இல்லாமல் நானே திறந்து படித்தேன். இயேசு எத்தனை பேரைக் குணமாக்கினார் என்று எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். குணமாக்கிய கையோடு, இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று அனுப்பி வைத்ததையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொன்னதில்லை. செத்துக் கிடந்த சிறுமியின் வீட்டுக்குப் போனபோது அழுகிற கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுத்தான் அவள் கையைப் பிடித்தார். பெற்றவர்களும் அவரோடு வந்த சிலரும் மட்டும் கூட இருந்தார்கள். நாங்களோ கூட்டத்தை உள்ளே கூப்பிட்டோம். கூட்டம் பத்தாது என்று கேமராவையும் வைத்தோம்.

ஆதாமும் ஏவாளும் தப்புப் பண்ணிவிட்டு வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார்கள். கர்த்தர் அவர்களைத் தோட்டத்தைவிட்டு அனுப்பினார், உண்மைதான். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் தம் கையாலேயே உடை செய்து உடுத்திவிட்டார். தண்டிக்கும்போதுகூட மூடிவிடுகிற குணம் அவருக்கு. அப்படியிருக்க, ஒரு தப்பும் பண்ணாத பெண்ணை, அவர் பெயரைச் சொல்லியே திறந்து காட்டினோம் நாங்கள். அவருடைய குணம் என்னவென்று அந்த வட்டாரத்தில் யாராவது நடந்து காட்டினார்கள் என்றால் அது கதவைச் சாத்திவிட்டுத் தன் சேலையைக் கட்டிவிட்ட அந்தச் சமையல்கார அக்காதான். அவருக்கு எங்கள் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்து நின்றேன். செய்ததைச் சபை முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று. மைக் என்னிடம் வரவில்லை. அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு முடிகிறவரை நின்றேன், இன்னொரு பாட்டும் பாடினார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் அங்கே போகவில்லை. இப்போது யாராவது என்னிடம், ஜெபத்துக்காகச் சொல்கிறேன் என்று அடுத்தவர் கதையை எடுத்தால், "அவங்களக் கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். நல்லதுதான்.

இதை எழுதுவதற்கும் தங்கச்சியிடம் கேட்டேன். எழுதி முடித்ததும் போனில் முழுதும் படித்துக் காட்டினேன். இரண்டு விஷயத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். துணி நனைந்த இடம் வந்ததும் நானே நிறுத்தினேன். "அது இருக்கட்டுங்ண்ணா. அந்தக்கா செஞ்சது நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள். இந்தத் தடவையாவது கேட்டேன். முதல் தடவை கேட்டிருந்தால் எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை கண்ணை மூடும்போதும் அவர் என்னை அந்தத் தங்கச்சியின் முகத்துக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார், அங்கிருந்து நகர விடுவதில்லை.

பாஸ்டர் ஐயா, என் பங்கை நான் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். உங்களிடம் ஒரே கேள்விதான். அவளுடைய நோயைச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, இல்லையா? எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டாம். வீட்டுக்குச் சபை மூப்பர்களை அனுப்ப வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.